கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு முக்காலி: பள்ளிக் கல்வித் துறைக்குத் திறந்த மடல்

பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

நான் 1987-ல் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, 2024-ல் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். வேலையில் சேரும்போது எங்கள் ஊர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ல் விழுப்புரம் ஆனது, 2019-ல் கள்ளக்குறிச்சி ஆனது. மூன்று மாவட்டங்களில் பணியாற்றியவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் சுற்றியது எல்லாம் இருபது கிலோமீட்டருக்குள்தான்.

எனக்கு ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது, நிலுவை எதுவும் இல்லை. அதனால் பயப்படாமல் மேலே படியுங்கள். நான் கேட்க வந்தது வேறு. புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர் முதல் வருடம் யாருடைய கண் எதிரே பாடம் நடத்துகிறார்? யாருடைய வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கிறார்? ஒரு புது ஆசிரியருக்காக நீங்கள் வைத்திருக்கும் தாள்களை எனக்கு நன்றாகத் தெரியும். மருத்துவத் தகுதிச் சான்று, சான்றிதழ்களின் உண்மைத்தன்மை, பணிப்பதிவேடு, பணிவரன்முறை ஆணை, அப்புறம் மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு தகுதிகாண் பருவம் முடித்த ஆணை. தலைமையாசிரியராக இவற்றையெல்லாம் அனுப்பி அலைந்தவன்தான் நான். நான் மேலே சொன்ன இரண்டு கேள்விக்கும் அந்தத் தாள்களில் ஒரு வரிகூட இடம் கிடையாது.

எனக்கு அந்த வரி தானாகவே அமைந்தது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் என் பெயர் வந்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியில் மாதிரிப் பாடம் நடத்திக் காட்டி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்த மாதிரிப் பாடத்துப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகாது, பாதியில் எழுந்து ஆட்டுக்குட்டியைப் பிடிக்க ஓடவும் மாட்டார்கள். இங்கே ஓட்டுக் கூரையின் கீழ் மூன்றாம் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். முதல் வாரம் என் தொண்டை கட்டியதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை தலைமையாசிரியர் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரில் அவருக்குப் பெயர் பெரிய சார். கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குப் பின்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க பாட்டுக்கு நடத்துங்க சார், நான் ஒரு ஓரமா இருக்கேன்" என்றார். பிள்ளைகள் எதிரில் நான் எப்போதும் "சார்". தெருவில் இறங்கிவிட்டால் "தம்பி".

அன்றைக்கு ஒரு பெண் பிள்ளையை எழுப்பிப் படிக்கச் சொன்னேன். நான்காவது சொல்லில் திக்கினாள். நான் சொல்லிக்கொடுத்தேன். மறுபடி திக்கினாள், மறுபடி சொல்லிக்கொடுத்தேன். பாடம் முடிந்தது. இடைவேளையில் தண்ணீர்ப் பானை பக்கம் பெரிய சார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பொண்ணு வாயத் தொறக்க இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. அப்பவும் வரலன்னா சொல்லுங்க." இவ்வளவுதான். என் கையெழுத்து சரிந்து போகிறது, நான் கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறேன், பின்வரிசைப் பையன் ஒருத்தன் காலையிலிருந்து சிலேட்டையே எடுக்கவில்லை: இதில் எதையும் அவர் அன்று சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு குறைதான். மிச்சத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்வார் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது.

மறுநாள் அதே பெண்ணை எழுப்பினேன். திக்கினாள். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஐந்து எவ்வளவு நீளமான எண் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாலு எண்ணும்போது அவளே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, பின்னால் முக்காலியைப் பார்த்தாள். எனக்கு லேசாகப் பொறாமையாகக்கூட இருந்தது.

மாலை பள்ளி விட்டதும் வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்துத் தெருவுக்கு அழைத்துப் போவார். அன்று வராத பிள்ளைகளின் வீடுகள் வழியாகத்தான் அந்த நடை. பூட்டிய வீட்டின் முன்னால் நின்று, "இவங்க கரும்பு வெட்டுக்குப் போயிட்டாங்க, தை கழிச்சுத்தான் வருவாங்க. வந்ததும் ரெண்டு மாசப் பாடத்தத் தனியாச் சொல்லணும், குறிச்சு வச்சுக்குங்க" என்பார். எந்தப் பையன் காலையில் சாப்பிடாமல் வருகிறான், எந்த வீட்டில் பாட்டி மட்டும்தான் என்பதையெல்லாம் அந்த நடையில்தான் தெரிந்துகொண்டேன். ஆசிரியர் பயிற்சியில் உளவியல் என்று ஒரு பாடம் படித்திருந்தேன். அதில் இந்தத் தெரு இல்லை.

இரண்டாம் வகுப்பு டீச்சரையும் சொல்லாமல் விடக்கூடாது. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தட்டிதான். என் வகுப்பில் 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு மேல் 35 என்று எழுதினார்கள். நாலில் ஒன்று போனால் மூன்று, ஏழில் இரண்டு போனால் ஐந்து. எங்கே பெரிய எண் இருக்கிறதோ அங்கிருந்து கழித்துவிடுவது. "பக்கத்துல கடன் வாங்கணும், கடன் வாங்கணும்" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த டீச்சர், மதியம் விளக்குமாற்றுக் குச்சிகளோடு வந்தார். பத்துப் பத்தாக நூலில் கட்டியிருந்தார். நாலு கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. "இதுல ஏழு குச்சி எடுங்க சார்" என்றார். உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்தேன். இப்போது கையில் பன்னிரண்டு. "கடன்னு சொல்லாதீங்க சார். போன வருஷம் ஒரு பையன், வாங்குன கடன எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்னு கேட்டான். அவன் வீட்ல அந்தப் பேச்சுதான் தினமும். கட்டப் பிரிக்கிறதுன்னு சொல்லுங்க."

ஓய்வு பெறும் வருடம் வரைக்கும் நான் கட்டைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். எந்தப் புதுப் பாடநூல் வந்தாலும் என் மேசையில் குச்சிக் கட்டு இருந்தது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு கரும்பலகைத் திட்டம் வந்தது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. பின்னால் வட்டார வள மையங்கள், குறுவள மையங்கள். எல்லாப் பயிற்சிக்கும் போயிருக்கிறேன், சிலவற்றில் கருத்தாளராகவும் நின்றிருக்கிறேன். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சிக் கூடத்தில் நாற்பது ஆசிரியர்கள் இருப்பார்கள், ஒரு பிள்ளைகூட இருக்காது. திக்கி நிற்கும் பிள்ளையின் முன்னால் எத்தனை எண்ண வேண்டும் என்பதை அங்கே எப்படிக் கற்பது?

உங்கள் துறையின் அனுபவமே இதற்குச் சாட்சி. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியபோது, அந்த ஆசிரியர்கள் முதலில் ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய் அங்கே பிள்ளைகள் அட்டை எடுத்துப் படிப்பதை நேரில் பார்த்தார்கள். 2007 வாக்கில் அது மாநிலம் முழுக்க வந்தபோது எங்கள் ஒன்றியத்திலிருந்து சில பேர் சென்னைப் பள்ளிகளுக்குப் போனோம். போகும் வழியெல்லாம் கிண்டல்தான், நான் உட்பட. "பாயப் போட்டுத் தரையில உக்காரணுமாம்" என்று சிரித்தோம். அங்கே ஒரு டீச்சர் ஆறு பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மற்ற குழுக்கள் அவரைக் கூப்பிடாமலே, எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி அட்டவணையைப் பார்த்து அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டன. சுவரின் அடியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. அரை மணி நேரத்தில் எங்கள் வாய் அடைத்தது. ஆனால் அரசாணையோடு அட்டைப் பெட்டி மட்டும் போய்ச் சேர்ந்த பள்ளிகளில், அட்டைகள் பீரோவில் பத்திரமாக இருந்ததையும் பார்த்தேன். இத்தனைக்கும் இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே அட்டைதான்.

மூத்தவர் பக்கத்தில் இருந்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. என் இரண்டாவது பள்ளியில் வாய்த்த தலைமையாசிரியர் வேறு மாதிரி. முதல் நாளே சொன்னார்: "இங்க பாடம் நடத்துனா பேரு வராது தம்பி, பதிவேடு சுத்தமா இருந்தா பேரு வரும்." பாடக் குறிப்பை நான்கு வண்ண மையில் எழுதக் கற்றுக்கொடுத்தார். இரண்டு வருடம் நானும் எழுதினேன். கூச்சமாக இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், அந்த இரண்டு வருடத்தில் என் வகுப்பில் எத்தனை பேர் சரளமாகப் படித்தார்கள் என்று எனக்கே தெரியாது. புது ஆசிரியருக்கு வழிகாட்டியாக ஒருவரைப் போடும்போது பணிமூப்பு பார்த்து நியமிக்காதீர்கள் என்று நான் கேட்பது அவரை நினைத்துத்தான்.

அதைவிடப் பெரிய கூச்சம் ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதமே அதனால்தான்.

2014-ல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி ஒரு டீச்சர் என் பள்ளிக்கு வந்தார். அப்போது நான் தலைமையாசிரியர். அவருக்கு நான்காம் வகுப்பு கொடுத்தேன். சேர்ந்து ஒரு மாதம் இருக்கும், என் அறை வாசலில் வந்து நின்று, "சார், ஒரு நாள் என் கிளாசுக்கு வந்து உக்காருங்களேன்" என்றார். "அடுத்த வாரம் வரேம்மா" என்றேன். மேசை மேல் விலையில்லா நோட்டு, சீருடை, காலணிப் பட்டியல்கள். பக்கத்தில் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய பள்ளி விவரங்கள். உண்மையாகவே அடுத்த வாரம் போகலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அடுத்த வாரம் அந்தக் கல்வியாண்டு முழுக்க வரவில்லை.

ஆண்டாய்வு மட்டும் வந்தது. வந்த அலுவலர் ஒரு பையனை எழுப்பிப் படிக்கச் சொன்னார். அவன் திக்கினான். டீச்சர் பதற்றத்தில் உடனே சொல்லிக்கொடுத்தார். மறுபடி திக்கினான், மறுபடி சொல்லிக்கொடுத்தார். எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அலுவலர் பிள்ளைகள் எதிரிலேயே, "இதுக்குத்தான் சம்பளம் வாங்குறீங்களா?" என்று கேட்டார். நான் ஆய்வுப் பதிவேட்டைக் கையில் பிடித்தபடி அவர் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அஞ்சு எண்ணச் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான், சொல்லிக்கொடுக்கவில்லை. திட்டு அவருக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு அந்த வகுப்பின் கதவு பாதி சாத்தியே இருந்தது. அடுத்த கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கிப் போய்விட்டார். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். இன்று வரை உறுத்துவது அதுதான்.

என் மேல் தப்பு இருக்கிறது, சரி. ஆனால் நேரம் ஒதுக்கித் தராமல் நல்ல மனதை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பிரித்துக்கொள்ளும் பள்ளியில் புது ஆசிரியரைப் போட்டால், முதல் நாளே அவர் கையில் இரண்டு மூன்று வகுப்புகள். மூத்தவர் கையில் மிச்ச வகுப்புகளும் தலைமையாசிரியர் பொறுப்பும். தட்டிக்கு அந்தப் பக்கம் காது கொடுக்க அவருக்கு ஏது நேரம்? 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். எங்கே நிற்கிறானோ அங்கிருந்து ஆரம்பி என்பது நல்ல யோசனை. அதே கணக்கில் பார்த்தால் புது ஆசிரியரும் அரும்புதானே? அவரை மட்டும் முதல் நாளிலிருந்தே மலராக நடத்துகிறோம்.

இங்கிலாந்தில் 2021 முதல் புது ஆசிரியருக்கு இரண்டு ஆண்டு வழிகாட்டல் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. அதோடு முதல் ஆண்டு பாடவேளையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கிறார்கள், இரண்டாம் ஆண்டு இருபதில் ஒரு பங்கை. அங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சான்றிதழ் கொடுக்க நான் ஆளில்லை. அந்தப் பாடவேளைக் கணக்கு மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. வழிகாட்டு என்று சுற்றறிக்கை அனுப்புவது சுலபம். வாரத்தில் மூன்று பாடவேளையை விடுவித்துக் கொடுப்பதில்தான் செலவு இருக்கிறது.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு என்பவர்களுக்கு எழும்பூரையே சொல்லலாம். 1789-ல் அங்கிருந்த ராணுவ அனாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையை அங்கே அமைத்தார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போய்ப் பரவியது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறிப் போனார் என்று நான் சொல்லிக்கொள்வேன். (சட்டாம்பிள்ளையின் குட்டும் கிள்ளும் கூடவே போயினவா என்று கேட்காதீர்கள்.) கற்றுக்கொடுப்பவன் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது திண்ணைக்கே தெரிந்திருந்தது.

இன்னொருவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த தியாகராச செட்டியார். 1880-ல் அவர் வேலையை விட்டு விலகியபோது, அந்த இடத்துக்கு யார் வருவது என்பதைக் கல்லூரியின் தலையில் போட்டுவிட்டுப் போகவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தனக்குப் பின்னால் படித்த ஓர் இளைஞர் திருவாவடுதுறையில் இருந்தார். அவரைக் கொண்டுவந்து தன் இடத்தில் அமர்த்திவிட்டுத்தான் செட்டியார் விலகினார். வந்தவர் உ.வே.சாமிநாதையர். கும்பகோணத்தில் 1903 வரை, பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் 1919 வரை பாடம் சொன்னார். ஏடு தேடியதும் பதிப்பித்ததும் அந்தக் கல்லூரி வேலையோடு சேர்ந்தே நடந்தவை. பிள்ளையவர்களிடம் அவர் படித்தது சுமார் ஐந்து வருடம்தான். அந்த ஐந்து வருடமும் செட்டியார் பிடித்த பிடிவாதமும் இல்லாவிட்டால் அவருக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்குமா?

நான் ஓய்வு பெற்றபோது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இருந்தவை: பீரோ சாவி, இருப்புப் பதிவேடு, கணினி, ரொக்கக் கணக்கு, சத்துணவு சம்பந்தமான பதிவேடுகள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முப்பத்தேழு வருடத்தில் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்துகொண்டதை வாங்கிக்கொள்ள அந்தப் பட்டியலில் இடமும் இல்லை, எதிரே ஆளும் இல்லை. மாலை போட்டு, கேசரி, மிக்சர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். முதல் பணி நியமனத்தை ஈராசிரியர் பள்ளிக்குக் கொடுக்காதீர்கள். நாலைந்து ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் ஒரு வருடம் வையுங்கள், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள். கலந்தாய்வில் காலியிடம் காட்டும் விதத்தை மாற்றினாலே இதில் பாதி நடந்துவிடும். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும் வரை மறுநியமனம் கொடுக்கிறீர்கள் அல்லவா? அந்த மாதங்களில் விருப்பமுள்ளவர்களைப் புது ஆசிரியர்களின் வகுப்புக்கு வாரம் சில பாடவேளைகள் அனுப்பலாம். வழிகாட்டியை அந்த ஒன்றியத்து ஆசிரியர்களே சொல்லட்டும். யாருடைய வகுப்பில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது குறுவள மையக் கூட்டத்தில் டீ குடிக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த வழிகாட்டிக்கு மதிப்பெண் போடும் வேலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். செயலியில் கட்டம் நிரப்பச் சொன்னீர்கள் என்றால், முக்காலியில் உட்கார்ந்திருப்பவரும் ஆய்வு அலுவலர் ஆகிவிடுவார். புது டீச்சர் அவரிடம் எதையும் மனம்விட்டுக் கேட்க மாட்டார். பெரிய சார் என் வகுப்பில் ஒரு தாளில்கூட எதையும் எழுதியது கிடையாது.

தகுதித் தேர்வு, அதற்கு மேல் போட்டித் தேர்வு என்று இரண்டு வடிகட்டிகளைத் தாண்டி வருகிறவர்கள் இந்தப் புது ஆசிரியர்கள். நான் வந்த பாதையைவிடக் கடினமான பாதை. பாடம் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு அப்படி ஒரு டீச்சர் வந்திருக்கிறார். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்ப்பேன். தோளில் ஒரு பை, கையில் சுருட்டிய சார்ட். ஓய்வு பெற்ற வாத்தியார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல, போன வாரம் அவராகவே பேச்சுக் கொடுத்தார். "சார், கடன் வாங்கிக் கழித்தல் மட்டும் பசங்களுக்கு வரவே மாட்டேங்குது. 42-லேருந்து 17 போனா 35-ன்னு எழுதுறாங்க." வாயைத் திறந்தேன், பஸ் வந்துவிட்டது. அதுவும் நல்லதுதான், பேருந்து நிறுத்தத்தில் சொல்லி விளங்க வைக்கும் விஷயம் இல்லை அது.

மறுநாள் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, ஒரு மணி நேரம் அந்த வகுப்பில் இருக்கட்டுமா என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஆனா வெளியாள உள்ள விட ஆணை இல்லையே. நாளைக்கு யாராச்சும் கேட்டா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மதிப்பூதியம் வேண்டாம், பயணப்படி வேண்டாம். விளக்குமாற்றுக் குச்சியில் பத்துக் கட்டு கட்டி வைத்திருக்கிறேன், உதிரியும் இருக்கிறது. முக்காலிகூட வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுவேன். உங்கள் ஆணை ஒன்றுதான் பாக்கி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.